இரண்டாவது பொட்டலம்

கன்னையன் பயந்த சுபாவம் என்று ஊரில் சொன்னது பாதிதான் சரி. ராயபுரத்துப் பனியன் கம்பெனி ஒன்றில் அவர் கட்டிங் மாஸ்டர். கத்தரி வைக்கும் முன் துணியைத் திரும்பத் திரும்ப அளப்பார். அளந்து முடித்ததும் அளவுகோலைச் சந்தேகப்படுவார். அதனாலேயே அவர் கையில் துணி வீணானதில்லை. தொழிலில் பேர் வாங்கித் தந்த அதே பயம்தான், முப்பது தாண்டியும் அவரைக் கல்யாணமாகாமல் வைத்திருந்தது.

பெண் பார்க்கப் போனால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதையும் மீறி இரண்டு இடங்கள் கூடி வந்தபோது கோயிலில் பூக் கேட்டார்கள். வெள்ளரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். அம்மன் காலடியில் போட்டுப் பூசாரி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் இலையை மடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான். இரண்டு தடவையும் சிவப்பு.

மூன்றாவது இடம் சாமளாபுரத்து வேலாத்தாள். பேசி முடித்தவர் குமாரவேல், அதே கம்பெனியில் தையல்காரர், தாய் தகப்பன் இல்லாத கன்னையனுக்கு எல்லாமும் அவரே. முருகன் பேரை வைத்துக்கொண்டு, சாமியே கிடையாது என்று டீக்கடை டீக்கடையாக வாதாடுகிறவர். அது அறுபதுகள், அப்படிப் பேச ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. சாமி இல்லாவிட்டாலும் நண்பனுக்குக் கல்யாணம் உண்டு என்பது அவர் கட்சி.

பெண் பார்த்த அன்று, பெண்ணின் அப்பா பார்த்த பார்வையில் கன்னையன் காபியை வேட்டியில் கொட்டிக்கொண்டார். வேலாத்தாள் துணி கொண்டுவந்து கொடுத்து, "எங்கய்யன் கடிக்க மாட்டாருங்க" என்றாள். அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் போயிற்று. இந்தப் பெண் கிடைக்காவிட்டால் இனி எவள் வீட்டுப் படியும் ஏறுவதில்லை என்று முடிவு செய்துவிட்டார்.

பூக் கேட்கும் நாள். மாப்பிள்ளை வீட்டார்தான் பூ கொண்டுவர வேண்டும் என்பது பேச்சு. சாமளாபுரத்து அம்மன் கோயில் பக்கம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் குமாரவேல் மஞ்சப்பையைத் தட்டினார்.

"ரெண்டுலயும் வெள்ளைதான்டா வெச்சிருக்கறேன். எதை எடுத்தாலும் கல்யாணம்."

"அட, அம்மன்கிட்டயேவா?"

"இருந்தாத்தானே கோவிச்சுக்கும்? இதப் புடி, ஒரு பீடி வாங்கிட்டு வர்றேன்."

பை கைக்கு வந்ததும் கன்னையன் அதைத் திறந்து பொட்டலங்களைப் பார்த்தார். ஏமாந்த அம்மன் சும்மா இருப்பாளா? தன்னை என்ன செய்தாலும் போகிறது. வேலாத்தாளை ஏதாவது செய்துவிட்டால்? கோயில் வேலியோரம் செவ்வரளி பூத்திருந்தது. யோசிக்காமல் ஒரு பொட்டலத்தைப் பிரித்தார், வெள்ளையைக் கொட்டிவிட்டுச் சிவப்பை வைத்தார், இலையை மடித்துப் பழைய நூலாலேயே கட்டினார். கட்டி முடித்த பிறகுதான், தன் கல்யாணத்தின் மேல் தானே கத்தரி வைத்தது உறைத்தது. வாழ்க்கையில் முதன்முறையாக அளக்காமல் வைத்த கத்தரி.

மறுபடி மாற்றிவிடலாமா என்று பார்த்தார். அதற்குள் வேலாத்தாளின் அப்பா சுப்பண்ணன் உறவுக்காரர்களோடு வந்துவிட்டார். எதில் சிவப்பு என்பதும் தெரியவில்லை. மடிப்பு அவ்வளவு சுத்தம்.

கற்பூரம் எரிந்தது. பூசாரி வலப்பக்கப் பொட்டலத்தின் மேல் கை வைத்தார். பூசாரி என்ன நினைத்தாரோ, கையை இழுத்து இடப்பக்கத்தை எடுத்தார். பிரித்தார்.

வெள்ளை.

பெண்கள் குலவையிட்டார்கள். குமாரவேல் மீசைக்குள் சிரித்தார். அப்போது சுப்பண்ணன் சொன்னார்: "அந்த இன்னொண்ணையும் பிரிச்சுப் போடுங்க சாமி."

சுப்பண்ணன் வேறொரு பனியன் கம்பெனியில், தைத்து வந்ததில் குறை கண்டுபிடிக்கும் செக்கிங் வேலை பார்ப்பவர். பெண்ணின் நட்சத்திரம் வரைக்கும் விசாரித்த குமாரவேல், இதை மட்டும் மறந்துபோனார்.

"ஏனுங்க, அதான் அம்மனே உத்தரவு குடுத்துட்டாளுங்களே!" குமாரவேலின் குரல் கீச்சிட்டது.

"குடுத்தா, சந்தோசமுங்க. மேல இருக்கற பனியன மட்டும் பார்த்துட்டு டஜனைப் பாஸ் பண்ற பழக்கம் நமக்கு இல்லீங்க."

குமாரவேலின் முகம் வெளுத்தது. கால்கள் செருப்பு கிடந்த பக்கம் நகர்ந்தன. ஆயுசு முழுக்கப் பயந்த கன்னையன் மட்டும் அன்றைக்கு அசையாமல் நின்றார்.

சிவப்பு. சுப்பண்ணன் பூவை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "சரியா இருக்குதுங்க மாப்பிள்ளை" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் குமாரவேல் கன்னையனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என் கையால வெள்ளைதான்டா வெச்சேன். செகப்பாயிருச்சே!"

கன்னையன் வாயைத் திறந்தார். சொன்னால், குமாரவேல் வாயில் அது தங்காது. டீக்கடைக்குப் போகும், அங்கிருந்து சுப்பண்ணன் காதுக்கும் போகும். வாயை மூடிக்கொண்டார்.

கல்யாணம் நடந்தது. பிள்ளைகள் பிறந்தார்கள். குமாரவேல் வெள்ளிக்கிழமை தவறாமல் நெற்றி நிறையத் திருநீறோடு சாமளாபுரம் போய் வந்தார். முன்பு சாமி இல்லையென்று வாதாடிய அதே டீக்கடைகளில், பூ நிறம் மாறிய அதிசயத்தை, ஏமாற்றப் பார்த்தவன் தான்தான் என்பதை மட்டும் விட்டுவிட்டு, அதே சத்தத்தில் சொன்னார். கன்னையன் வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கதைதான்.

ஒரு மார்கழிக் காலையில், அவர் சொல்லிவிட்டுப் போனதும் வேலாத்தாள் கேட்டாள்: "ஏனுங்க, அண்ணன் இதைச் சொல்றப்பெல்லாம் உங்களுக்கு மட்டும் எதுக்கு இப்படி வேர்க்குது?"

"வெயிலு புள்ள" என்றார் கன்னையன், போர்வையை இழுத்து மூடிக்கொண்டு.

செக்கிங்காரர் மகள். அவரை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தாள்.