இசக்கியிடம்தான் என்னால் அழ முடிந்தது

அம்மனை நம்பும் சகோதரிகளே, 2006-இல் நான் இருந்த நிலையில் இன்று உங்களில் ஒருத்தி இருக்கலாம். அவளுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

அப்போது பஹ்ரைனில், ஈசா டவுனில் இருந்தோம். என் கணவர் ஏ.சி. மெக்கானிக். இரண்டு பிள்ளைகள் வயிற்றில் தங்காமலே போய்விட்டன. மூன்றாவது தரித்தபோது டாக்டர் படுத்தே இருக்கச் சொன்னார். கணவர் டியூட்டிக்குப் போனபின் தனியாகக் கிடப்பேன். படுக்கவும் முடியாது, எழவும் பயம். வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். கதவைப் பூட்டினேனா என்று பத்துத் தடவை யோசிப்பேன்.

திருவாரூரில் என் பிறந்த வீட்டில் சாமி படமே கிடையாது. அப்பா கறுப்புச் சட்டைக்காரர். பஹ்ரைன் வீட்டு அலமாரியில் மாமியார் கொடுத்தனுப்பிய முருகனும் லட்சுமியும் பிள்ளையாரும் இருந்தார்கள். ஒவ்வொருவரையும் கும்பிட்டுப் பார்த்தேன். எல்லாம் சிரித்த முகங்கள். எனக்குள் இருந்ததோ கோபம். அதை அவர்களிடம் சொல்ல வாய் வரவில்லை.

பக்கத்து ஃபிளாட்டில் வள்ளியூர்க்காரி செல்வி அக்கா இருந்தார். தினமும் எனக்குக் கஞ்சி கொண்டுவருவார். ஒருநாள் தன் பர்ஸிலிருந்து சின்னப் படம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். சிவப்புச் சேலை, இடுப்பில் குழந்தை, உருட்டிய விழி. சிரிப்பே இல்லை.

"யாருக்கா இது?"

"எங்க இசக்கியம்மா. புள்ளத்தாச்சியா இருக்கையில துரோகம் பண்ணிக் கொன்னுட்டானுவ. அவதான் சாமியா வந்து நிக்கா. கோவம் வந்தா அவகிட்ட கொட்டு பிள்ள. அவளுக்குத் தெரியும்."

எத்தனையோ சாமிகள் இருக்க, இவள் ஏன் என்னை இழுத்தாள்? இவளும் இழந்தவள். இவள் முன்னால் நான் நல்லவளாக நடிக்க வேண்டியதில்லை.

ஏழாம் மாதம், ரமலானில் ஒரு மதியம், குழந்தை அசைவதே நின்றுவிட்டது. தண்ணீர் குடித்தேன். புரண்டு படுத்தேன். அசைவில்லை. கணவர் போன் எடுக்கவில்லை. படத்தைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

"நீயும் தாய்தானே! இதையும் கொண்டு போனா உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்!"

நான் செய்த பிரார்த்தனை அவ்வளவுதான்.

சத்தம் கேட்டு, நான் கொடுத்துவைத்திருந்த மாற்றுச் சாவியால் திறந்துகொண்டு ஓடிவந்த செல்வி அக்கா என்னைத் தாங்கிக் கீழே இறக்கினார். நோன்பு நேரம், தெருவே வெறிச்சோடிக் கிடந்தது. எங்கள் வாசலில் அப்போதுதான் ஒரு டாக்ஸி ஆளை இறக்கிக்கொண்டிருந்தது. டிரைவர் என்னைப் பார்த்ததும் பின்கதவைத் திறந்தார். "பைட்டோ சிஸ்டர், ஜல்தி!" என்று, சீக்கிரம் உட்காரச் சொல்லி இந்தியில் அவசரப்படுத்தினார். காசு வாங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது தொப்புள்கொடி குழந்தையின் கழுத்தைச் சுற்றியிருந்தது. உடனே ஆபரேஷன் செய்தார்கள். இன்னும் சிறிது நேரம் போயிருந்தால் பிழைத்திருக்காது என்று டாக்டர் சொன்னார். ஒரு மாதத்துக்குமேல் கண்ணாடிப் பெட்டியில் இருந்துவிட்டு என் மகள் வீட்டுக்கு வந்தாள்.

அப்பா போனில், "பேர் என்னம்மா வச்சிருக்க?" என்றார்.

"இசக்கி."

அந்தப் பேரை அவரும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு, "கூப்பிட நல்லாத்தான் இருக்கு," என்றார்.

எனக்கு இன்றும் படபடப்பு உண்டு. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருப்பேன். ஆனால் தனியாக நடப்பதில்லை. அந்த இசக்கியம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டே நடக்கிறேன்.

எந்தச் சாமி தன்னுடையது என்று தெரியாமல் அலைகிறவர்களே, யார் பெரிய சாமி என்று கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். எந்த முகத்தின் முன்னால் உங்கள் வாயில் பொய் வரவில்லையோ, அங்கே போய் நில்லுங்கள். மனதில் இருப்பதை அப்படியே சொல்லுங்கள். அவள் கேட்பாள்.