பித்தளை மூக்கு

மாமா திருவாதவூரிலிருந்து கொண்டுவந்த ஏர்கன்னுக்கு மூக்கு இருந்தது. குழலின் நுனியில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு பித்தளைக் குழாய் திருகியிருந்தது. யாரோ காடை, கௌதாரி சுட்ட துப்பாக்கி அது. அப்புறம் திருவிழாக்களில் பலூன் சுடும் கடை போட்ட ஒருவரிடம் வந்திருக்கிறது. அவர் தொழிலை விட்டதும் பலூன் கட்டும் பலகையோடு சேர்த்து, மாமா மூலமாக அப்பா வாங்கிவிட்டார். அப்பாவுக்குக் கல்குவாரி வேலை நின்றுபோயிருந்தது. வரப்போகிற மேலூர்த் திருவிழாவைத்தான் வீடே நம்பியிருந்தது.

எனக்குப் பத்து வயது. கேஸ் சிலிண்டர் வெடிக்கும், பஸ் கதவு திறந்துகொள்ளும் என்று எதற்கும் பயப்படுகிற பிள்ளை. இப்போது இந்த மூக்கு. குண்டு உள்ளே சிக்கித் திரும்பி அப்பா கண்ணில் பாய்ந்துவிட்டால்?

"அது என்ன மாமா?"

"சத்தம் கொறைக்கிறதுக்குத்தான்."

தர்பூசணி விதையை முழுங்கினால் வயிற்றில் கொடி படரும் என்று சொல்லி என்னை ஒரு நாள் முழுக்க அழவைத்தவர் அவர். நம்புவேனா? அப்பாவை நச்சரித்து மூக்கோடு ஒரு தடவை, கழற்றி ஒரு தடவை, ஈரக் களிமண் உருண்டையில் சுடவைத்தேன். சத்தம் ஒன்றுபோலத்தான் கேட்டது. களிமண்ணைக் கிளறிக் குண்டுகளை எடுத்தேன். மூக்கு வழியாகப் போனது மட்டும் ஒரு பக்கம் தேய்ந்து மினுங்கியது. கழற்றிய மூக்கைக் கண்ணருகே வைத்துப் பார்த்தால் அதன் ஓட்டையே ஒரு ஓரமாக ஒதுங்கியிருந்தது.

"மூக்கு கோணல்ப்பா. எடுத்துருங்க."

"போத்தா, அம்புட்டு வேலை கெடக்கு. அப்பறம் பாப்போம்" என்று திரும்பவும் மாட்டிவிட்டார்.

நான் விடவில்லை. திருவிழாவின் முதல் நாள் காலை, அப்பா பலகை கட்டும் நேரம் பார்த்து மூக்கைக் குறடால் கழற்றி, என் பென்சில் டப்பாவில் போட்டு மூடிவிட்டேன்.

அன்றைக்குச் சுட்டவர்களுக்கெல்லாம் பலூன் வெடித்தது. ஐந்துக்கு ஐந்து வெடித்தால் பரிசு. "மாப்ள, இன்னைக்கு நம்ம கை ராசிடா!" என்று ஒரு கூட்டமே வரிசையில் நின்றது. வெயில் தாழ்வதற்குள் சோப்பு டப்பா, எவர்சில்வர் டம்ளர், பொம்மை எல்லாம் போய்விட்டன. அப்பாவின் சிரிப்பும் போயிருந்தது. எனக்கோ ஒரே சந்தோஷம். யார் கண்ணுக்கும் ஒன்றும் ஆகவில்லையே.

எட்டிப் பார்க்க வந்த மாமா துப்பாக்கியைத் தூக்கிப் பார்த்தார்.

"மூக்கு எங்க மச்சான்? அதுலதான் பொழப்பே இருக்கு. அது இருந்தாத்தான குண்டு வெலகி அஞ்சுல ஒண்ணாவது தப்பும்?"

"இதைச் சொல்லாமத்தான் வாங்கிக் குடுத்தியாடா?"

அடி விழும் என்று நினைத்துக்கொண்டே டப்பாவைத் திறந்து நீட்டினேன். விழவில்லை. அப்பா அந்தப் பித்தளையை உள்ளங்கையில் உருட்டியபடி வெகுநேரம் நின்றார்.

மறுநாள் அதை அவரே திருகி மாட்டினார். ஒருவர் தன் மகளைத் தோளில் வைத்துக்கொண்டு சுட்டார். நான்கு வெடித்தன, ஐந்தாவது தப்பியது. அந்தப் பிள்ளை பொம்மையையே பார்த்தது.

"கை லேசா ஆடிருச்சுண்ணே" என்றார் அப்பா.

அன்று முழுக்க அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. மூக்கைக் கழற்றிய கோபம் இன்னும் தீரவில்லை என்றுதான் நினைத்தேன். எப்படியாவது தீரட்டும் என்று, கன்னம் வலிக்க வலிக்கப் பலூன் ஊதிக்கொண்டே இருந்தேன்.