நொடியில் வந்த டூட்டி

குழந்தைசாமி ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். டெல்லியில் வந்து இறங்கியபோது அவருக்குத் தெரிந்த இந்தி 'பானி' ஒன்றுதான். மதராசி கேம்ப் என்ற தமிழர் குடிசைப் பகுதியில் தகரக் கூரைக்குக் கீழே குடியிருந்தார். ஆபீஸ்களில் கக்கூஸ் கழுவினார். பிறகு கழுவுகிற ஆட்களைச் சேர்த்து அனுப்பும் காண்ட்ராக்டர் ஆனார். இன்று ஜனக்புரியில் சொந்த மாடியில் ஆபீஸ் வைத்திருக்கிறார். யார் சிபாரிசும் கிடையாது. பார்த்த சற்று நேரத்திலேயே இதை அவரே சொல்லிவிடுவார். சொல்ல உரிமையும் உண்டு. பட்டம் வாங்கி வந்து இந்த ஊரில் செருப்புத் தேய்ந்து திரும்பிப் போனவர்கள் கொஞ்சமா?

யாருக்கு எந்தக் கட்டிடம், எந்த ஷிப்ட் என்ற கணக்கெல்லாம் முன்பு அவர் தலைக்குள் இருந்தது. கம்ப்யூட்டர் இல்லாத காண்ட்ராக்டரைப் பெரிய கட்டிடக்காரர்கள் வாசலோடு அனுப்ப ஆரம்பித்ததும் அவரும் ஒரு சாஃப்ட்வேர் போட்டார். தினமும் சாயங்காலம் அது கட்டிடக்காரர்கள் கேட்டனுப்பும் பெயர்களை அவருடைய பதிவில் தேடி, ஆட்களைப் பிரித்து, அவரவர் போனுக்கு மறுநாள் டூட்டியை அனுப்பும்.

போகப் போக அது நொண்ட ஆரம்பித்தது. சாயங்காலம் வரவேண்டிய மெசேஜ் மறுநாள் காலையில் வந்தது. முன்பென்றால் பரவாயில்லை. அரசாங்கம் கேம்ப்பை இடித்த பிறகு அவரிடம் வேலை பார்த்த பெண்கள் பலர் நரேலாவுக்குப் போய்விட்டார்கள். ஊரின் வடக்குக் கோடி அது. விடியுமுன் பஸ் ஏறினால்தான் நேரத்துக்கு வந்து சேர முடியும்.

"எந்த ஷிப்டுக்குப் போவணும்னே தெரியாம பஸ் ஸ்டாண்டுல நிக்கிறோம் அண்ணே," என்று போனில் சொன்னாள் லீலாவதி. நேரு பிளேஸ் பக்கம் ஒரு கண்ணாடிக் கட்டிடத்தில் பல வருடமாக வேலை பார்ப்பவள். புருஷன் இல்லை. இரண்டு பெண்பிள்ளைகள். "போனா லேட்டுன்னு அந்த மேனேஜர் நாயி மாதிரி வெரட்டுறான்."

மேனேஜர் குழந்தைசாமியையும் கூப்பிட்டான். இன்னும் ஒரு முறை லேட் என்றால் அந்த மதராசி பெண்கள் வேண்டாம், வேறு ஆள் அனுப்பு என்றான்.

"என் ஆளுங்களை நிறுத்தறதுக்கு இவன் யாரு?" என்று போனை வைத்த பிறகு கத்தினார் குழந்தைசாமி.

எதிர் பிளாட் பேங்க் ஆபீசர் மகள் ஜ்யோத்ஸ்னா, குர்காவில் இதே மாதிரி டேட்டாபேஸ் வேலை பார்ப்பவள். குழந்தைசாமி கேட்டதும் ஞாயிற்றுக்கிழமை வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்திலேயே உதட்டைப் பிதுக்கினாள்.

"அங்கிள், டெலிபோன் டைரக்டரி பாத்திருக்கீங்கல்ல? ஆல்ஃபபெட் ஆர்டர்ல இருக்கும். எல்-னா நேரா எல்-லுக்குப் போயிடலாம். இதுல என்ன எழுதியிருக்காங்கன்னா, பேருக்கு உள்ள எங்க இருந்தாலும் தேடுன்னு. அப்போ ஆர்டர் இருந்தும் வேஸ்ட். ஒவ்வொரு ஆளுக்கும் முழு டைரக்டரியும் படிக்குது. பழைய ஆளுங்க ரெக்கார்டும் சேத்து."

"எந்த முட்டாள் எழுதுனான்?"

"தெரியல. பேரோட ஆரம்பத்துல இருந்து தேடுன்னு மாத்துறேன். தோ மினிட் வேலை. ஆனா ஒரு வாரம் தனியா ஓட்டி, பழசோட ஒப்பிட்டுப் பாத்துட்டுப் போடலாம்."

"ஒரு வாரமா? நான் ஒரு ராத்திரில நூறு ஆளு எறக்குனவன்மா. போடு, ஜல்தி!"

போட்டாள். அன்று சாயங்காலம் பட்டனைத் தட்டியதும் டூட்டி முழுக்க வந்து நின்றது. குழந்தைசாமி தொடையைத் தட்டிச் சிரித்தார். மேனேஜரைக் கூப்பிட்டு, "தேக்கோ! இனிமே லேட்டுன்னு வாயத் தொறக்காதே," என்றார். ஆட்களும் நேரத்துக்குப் போனார்கள். புகார் நின்றது. பார்த்தவர்களிடமெல்லாம் அந்த வேகத்தைப் பற்றியே பேசினார்.

பதினைந்து நாள் கழித்து லீலாவதி ஆபீஸ் மாடி ஏறி வந்தாள்.

"அண்ணே, இத்தினி நாளா எனக்கு ஏன் டூட்டி வரல?"

"வரலையா? ஷங்கரக் கேட்டியா?" ஷங்கர் அவருடைய சூப்பர்வைசர்.

"கேட்டேன். கம்ப்யூட்டர் குடுக்கல, நான் இன்னா பண்றதுன்றாரு. செல்விக்கும் வரல, மாரியம்மாளுக்கும் வரல. வீடு போன மாதிரி இதுவும் போச்சின்னு நெனச்சிட்டோம்."

ஜ்யோத்ஸ்னா ஓடி வந்து பார்த்தாள். கட்டிடக்காரன் அனுப்பிய பெயர்களில் 'லீலாவதி' என்று இருந்தது. குழந்தைசாமியின் பதிவில் 'எம். லீலாவதி'. நம் ஊர் வழக்கப்படி அப்பன் பேரின் முதலெழுத்து முன்னால். சாஃப்ட்வேர் எல்-லில் தேடியது; அவளோ எம்-மில் கிடந்தாள். ஆள் இல்லை என்று முடிவு செய்து, அந்த இடத்தில் ரிசர்வ் ஆளை வைத்துவிட்டது. எல்லா இடமும் நிரம்பியிருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. பீகார்காரர்களுக்கும் யூபிகாரர்களுக்கும் குடும்பப் பெயர் பின்னால் வருவதால் ஒருவர் பெயரும் விடுபடவில்லை. விடுபட்டதெல்லாம் கேம்ப் ஆட்கள்.

"அதுக்குத்தான் பேருக்குள்ள தேடியிருக்காங்க," என்றாள் ஜ்யோத்ஸ்னா. "எனக்குத் தோணவே இல்ல அங்கிள். எங்க வீட்ல எல்லாருக்கும் அப்பா பேரு பின்னாடிதான்."

இனிஷியலைத் தனியே பிரித்து வைத்து அன்றே சரி செய்தாள். வேகமும் குறையவில்லை. எல்லாப் பெயரும் வந்தன.

குழந்தைசாமி சட்டையை மாற்றிக்கொண்டு நேரு பிளேஸுக்குப் போனார். தன் வாழ்நாளில் எவன் மேஜை முன்னாலும் கைகட்டாதவர், அன்று அந்தப் பொடியன் முன்னால் நின்றார். புதியவர்களுக்குக் கைரேகை எடுத்துப் பாஸ் கொடுத்தாகிவிட்டது என்றான் மேனேஜர்.

"நீங்கதானே மாத்தி அனுப்பினீங்க. இவங்க நேரத்துக்கு வர்றாங்க. நான் ஏன் திரும்ப மாத்தணும்?"

"கம்ப்யூட்டர் பண்ண தப்பு சாப். இவங்க பழைய ஆளுங்க. கஷ்டப்பட்டவங்க."

"உங்க கம்ப்யூட்டர்கிட்ட சொல்லுங்க."

திரும்பி வந்தபோது லீலாவதி ஆபீசிலேயே உட்கார்ந்திருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். பையிலிருந்து டூட்டிக்குப் போடும் நீல யூனிஃபார்ம் கோட்டை எடுத்தாள். துவைத்து மடித்தது. மேஜை மேல் வைத்தாள்.

"வை அதை உள்ள," என்று அதட்டினார். "நான் குழந்தைசாமி. குர்காவ்ல ஒரு கட்டிடம் பேசிட்டிருக்கேன். உனக்கு வேற எடம் பாத்துத் தரேன்."

"நரேலாலேந்து அந்தக் கோடில இருக்குற குர்காவுக்கா?" அவள் எழுந்து முந்தானையைச் செருகிக்கொண்டாள். "பக்கத்துல ஒரு ஃபேக்டரில கூப்புடுறாங்க. பொட்டலம் ஒட்டணும். பெரிய பொண்ணையும் கூட்டியாரச் சொல்றாங்க."

"அது படிக்கிற புள்ள."

"ஆமாண்ணே," என்றாள்.

கோட்டு மேஜையிலேயே இருந்தது. அவள் படியிறங்கிப் போனாள்.