மதாம் கேட்ட இருட்டு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று வீட்டில் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் இதில் நான் திட்ட வேண்டிய ஆள் நானே என்பதால், கொஞ்சம் மரியாதையாகவே சொல்கிறேன்.

உப்பளம் என்கிற பேட்டையில், தையல் மிஷின் ரிப்பேர் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆர்க்கிடெக்ட் ஆபீஸ். போர்டு பெரிதாக இருக்கும். உள்ளே நானும், காலேஜில் எனக்கு ஜூனியராக இருந்த பார்ட்னரும், இரண்டே பேர். வீடு, மாடி, மாடிக்கு மேல் இன்னொரு மாடி என்று பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் சேதராப்பட்டில் ஒரு கம்பெனிக்கு நாங்கள் போட்டுக் கொடுத்த ஆபீஸ் பிளான் பிடித்துப்போனது. ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்கள். பசுமைக் கட்டடச் சான்றிதழ் வாங்கிய கட்டடம் ஒன்றையாவது நாங்கள் கட்டிக் காட்டியிருக்க வேண்டும். எங்களிடம் ஒன்றுகூட இல்லை.

அந்தச் சமயம் கையில் இருந்தது, நாங்கள் மதாம் என்று கூப்பிடும் ஒரு அம்மாவின் வீடு. பாரிஸ் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் நர்ஸாக இருந்தவர், அதுவும் நைட் டியூட்டி. ரிட்டயராகி ஊரோடு வந்துவிட்டார், தனி ஆள். முதல் நாள் ஆபீஸுக்கு வந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எனக்கு ராத்திரி தூக்கம் வராதும்மா. உடம்பு அப்படியே பழகிப்போச்சு. காலைல படுத்தாத்தான் தூக்கம். பகல்லயும் இருட்டா இருக்கற மாதிரி ஒரு ரூம் குடுங்க, போதும்." நோட்டில் எழுதிக்கொண்டேன். அடிக்கோடுகூடப் போட்டேன்.

அப்புறம் அந்த வீட்டுக்கே சான்றிதழ் வாங்கிவிடுவது என்று முடிவு செய்தோம்; என்னென்ன செய்ய வேண்டும், எதற்கு எத்தனை பாயிண்ட் என்று பட்டியல் வந்தது. சும்மா சொல்லக்கூடாது, அதனால் எங்களுக்கு நல்லதும் நடந்தது. செங்கல் எங்கிருந்து வருகிறது, பெயிண்டில் என்ன கலக்கிறார்கள், மொட்டைமாடித் தண்ணீர் எங்கே போகிறது என்றெல்லாம் அதுவரை நாங்கள் கேட்டதே இல்லை. ஆனால் பாயிண்ட் என்று ஒன்று வந்துவிட்டால் ஆசை யாரை விட்டது? சைக்கிளே ஓட்டத் தெரியாத மதாமுக்குச் சைக்கிள் ஸ்டாண்ட் போட்டுக் கொடுத்தோம். அவர் அதில் துணி காயப்போட்டார்.

வெளிச்சத்துக்கும் பாயிண்ட் உண்டு. ஆள் புழங்குகிற அறையில் பகலில் லைட் போடாமல் பேப்பர் படிக்க முடிய வேண்டும். பெட்ரூமில் கிழக்கே பார்த்துப் பெரிய கண்ணாடி ஜன்னல் வைத்தோம். பழைய பிரெஞ்சு வீடுகளில் ஜன்னலுக்கு வெளியே பட்டை பட்டையாக மரக்கதவு இருக்குமே, மதாம் அதை 'வோலே' என்பார், அதையும் முதலில் வரைந்திருந்தோம். கம்ப்யூட்டர் கணக்கில் வெளிச்சம் குறைந்தது. "எடுத்துரலாமாக்கா?" என்றான் பார்ட்னர். "எடுத்துரு" என்றேன். அது இருக்கக்கூடாது என்று பட்டியலில் எங்கேயும் இல்லை. பாவம், பட்டியல்மேல் பழி போட முடியாது. நோட்டை ஒரு தரம் புரட்டிப் பார்க்காத எனக்குத்தான் உதை கொடுக்க வேண்டும்.

மதாம் குடிபோன பிறகு, சான்றிதழுக்காக வீட்டைப் பார்க்க ஆய்வாளர் வருவதற்கு முதல் நாள் சாயங்காலம், எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் போனேன். ஸ்டோர் ரூமைத் திறந்தால் உள்ளே கட்டில். அரிசி டின்னும் பழைய சூட்கேஸும் வைக்கிற, ஜன்னலே இல்லாத இடம் அது. தலைமாட்டில் மாதா படம் மாட்டியிருந்தது.

"இங்கயா படுக்கறீங்க மதாம்?"

"அந்த ரூம்ல வெயில் கண்ணைக் குத்துதும்மா. திரை போட்டும் நிக்கல. இது நல்லா இருட்டா இருக்கு. மத்தபடி வீடு அழகா கட்டியிருக்கீங்க, ஒரு குறையும் இல்ல."

அப்போதுதான் எனக்கு அந்த அடிக்கோடு ஞாபகம் வந்தது. வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் வெட்கத்தைவிடச் சேதராப்பட்டு பெரிதாகத் தெரிந்தது. ஒரு ஆள் படுக்கிற அறை என்றால் அதற்கும் வெளிச்சம் வேண்டும். ஸ்டோர் ரூமில் கட்டிலைப் பார்த்துவிட்டால் பாயிண்ட் போய்விடும், கூடவே சான்றிதழும். "நாளைக்கு ஒரு நாள் மட்டும் கட்டிலைப் பெரிய ரூம்ல போட்டுக்கலாமா?" என்று கேட்டேன். எந்த வாயால் கேட்டேனோ தெரியவில்லை. "அதுக்கென்னம்மா" என்று அவரே ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினார்.

மறுநாள் பதினோரு மணிக்கு ஆய்வாளர் வந்தார். சென்னையிலிருந்து வந்த நல்ல மனுஷர், அதிர்ந்து பேசவில்லை. மதாம் கண்கள் சிவந்துபோய் காபித் தட்டோடு நின்றார். அவர் தூங்குகிற நேரம் அது. கண்ணாடி ஜன்னல் ரூமில் வெளிச்சம் அளக்கிற மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு ஆய்வாளர் தலையாட்டினார். எனக்கு உச்சி குளிர்ந்தது. அடுத்து ஸ்டோர் ரூமைத் திறந்தார். கட்டிலை எடுத்த நாங்கள் மாதா படத்தை எடுக்க மறந்திருந்தோம்.

"இங்க யாராவது படுக்கறாங்களா?"

நான் வாய் திறப்பதற்குள் மதாம் முந்திக்கொண்டார். "இல்லீங்க சார். நான் பெரிய ரூம்லதான் தூங்கறேன். நல்லா வெளிச்சமா இருக்கும்."

ஞாயிற்றுக்கிழமை பூசையைத் தவறவிடாத மனுஷி, மாதா படத்துக்கு முன்னால் நின்று எனக்காகப் பொய் சொன்னார். அதை என்னால் தாங்க முடியவில்லை.

"இல்ல சார், இங்கதான் தூங்கறாங்க. அவங்க கேட்ட மாதிரி நாங்க கட்டிக் குடுக்கல" என்றேன்.

சான்றிதழ் வரவில்லை, சேதராப்பட்டும் போயிற்று. பார்ட்னர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவனே ஆசாரியைக் கூட்டிக்கொண்டு வோலேவுக்கு அளவெடுக்கப் போனான். பட்டியலை நாங்கள் இன்றைக்கும் விடவில்லை, எல்லா வேலைக்கும் எடுத்துப் பார்க்கிறோம். ஆனால் அதற்கு மேலே, முதல் நாள் வீட்டுக்காரர் சொன்னதை எழுதிய தாளைப் பின் அடித்து வைத்துவிடுகிறோம்.

வோலே மாட்டிய மறுநாள் காலை, சரியாக மூடுகிறதா என்று கேட்க மதாமுக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, அவர் எடுக்கவில்லை. மறுபடி போடலாமா என்று நினைத்து, வேண்டாம் என்று வைத்துவிட்டேன். சாயங்காலம் நாலு மணிக்கு அவரே கூப்பிட்டார்.

"மன்னிச்சுக்கம்மா, தூங்கிப்போயிட்டேன்" என்றார்.