இறங்கிவிட்டதாக நினைத்த பருப்பு

இசைவாணி வளவனூரில் பிறந்து திண்டிவனம் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டவள். விதைக்கான மல்லாட்டையை, அதாவது நிலக்கடலையை, உடைக்க மாமியார் கோவிந்தம்மாளிடம்தான் கற்றுக்கொண்டாள். மெஷினில் போட்டால் பருப்பு பிளந்துவிடும், பிளந்தது முளைக்காது. அதனால் விதைக்குக் கையால்தான் உடைப்பார்கள். அப்படியும் பிளந்து போவதை, சட்னிக்கு ஆகுமே என்று பக்கத்தில் ஒரு தட்டில் போடுவார்கள். ஒன்றரை வயது தேவா விளையாடுவது அந்தத் தட்டுக்குப் பக்கத்தில்தான்.

கார்த்திகையில் ஒருநாள் பிள்ளை அதில் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, டிவியைப் பார்த்துச் சிரித்தான். சிரிப்பு அப்படியே இருமலானது. கண் பிதுங்கியது.

"முதுகுல தட்டட்டுமா அத்தை?"

"தட்டாதடி, உள்ள போயிடும். சோத்து உருண்டையை முழுங்க வை, ஜல்தி! மீன் முள்ளுக்கு என்னா பண்றோம்?"

ஊட்டினாள். இருமல் நின்றது.

"எறங்கிடுச்சு பாத்தியா? அதுக்குள்ள ஊரையே கூட்டப் பாத்தியே!"

இருவரும் சிரித்தார்கள். மறுநாள் பிள்ளையின் மலத்தில் பாதிப் பருப்பு கிடந்தது. கோவிந்தம்மாள் மருமகளைக் கூப்பிட்டே காட்டினாள். "உன் பேஜாரு வெளிய வந்துடுச்சு!" அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

சில நாளில் பிள்ளைக்கு நெஞ்சு கீச்சிட்டது. பனிக்காலம் என்று தைலம் தேய்த்தார்கள். காய்ச்சல் போவதும் வருவதுமாக இருந்தது. திண்டிவனத்தில் டாக்டர், "ஏதாச்சும் சாப்பிட்டுப் புரையேறிச்சாம்மா?" என்று கேட்டார்.

"இல்லீங்க சார்."

இசைவாணி பொய் சொல்லவில்லை. வெளியே வந்ததைக் கண்ணால் பார்த்தவள். இது வெறும் சளி என்றே நம்பினாள்.

மார்கழியில் ஒரு விடியற்காலை பிள்ளையின் உதடு நீலம் பாய்ந்தது. விழுப்புரத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் மூச்சுக்குழாயில் கருவி விட்டு எடுத்ததை டாக்டரம்மா காட்டினார். ஊறிப் பெருத்த பாதிப் பருப்பு.

"அதான் அன்னிக்கே வந்துடுச்சுங்களே, நான் பாத்தேனே!" என்றாள் கோவிந்தம்மாள்.

"அது வயித்துக்குப் போனது. இது நுரையீரலுக்குப் போனது. இருமும்போது வாயில எதையும் குடுத்திருக்கக் கூடாது. இருமல் நின்னாலும் கொண்டாந்து காட்டியிருக்கணும்மா."

நெஞ்சு முழுக்கச் சீழ் பிடித்திருந்தது. மறுநாள் மத்தியானம் தேவா போய்விட்டான்.

ஓசூரில் வேலை செய்யும் அப்பன் சீனுவாசன் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. "என்னாம்மா ஆச்சு?" என்று தாயின் தோளைப் பிடித்து உலுக்கினான். அவள் மருமகளை ஒரு பார்வை பார்த்தாள்.

"காய்ச்சல்தாம்பா. விஷக் காய்ச்சல்."

சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த இசைவாணி எழுந்தாள்.

"காய்ச்சல் இல்லீங்க. மல்லாட்டை. பிள்ளைக்கு மூச்சுல போயிடுச்சு. நாங்க ரெண்டு பேரும் சோறு ஊட்டிட்டு, எறங்கிடுச்சின்னு சிரிச்சோம்."