நவம்பர் உறையில் இல்லாத பெயர்

நவம்பர் வந்தாலே எனக்குப் பயம். எங்கள் கத்தோலிக்கக் கோவிலில் இறந்தவர்களுக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கும் மாதம் அது. வீட்டுக்கு ஓர் உறை தருவார்கள். செத்துப்போனவர்களின் பெயர்களை எழுதி உள்ளே வைத்துக் கொடுக்க வேண்டும். அப்பாவின் பெயரை அம்மா எழுதுவார், தன் சகோதரங்களின் பெயர்களை எழுதுவார். அண்ணனின் பெயரை மட்டும் எழுதமாட்டார். மன்னாரில் ஒருநாள் காலையில் வீட்டு வாசலில் வைத்து இராணுவம் பிடித்துக்கொண்டு போய், பிறகு ஒரு தகவலும் இல்லாத என் அண்ணன், முப்பது வருடங்களாக எங்கள் வீட்டில் உயிரோடுதான் இருக்கிறார்.

இந்த முறை அம்மா உறையை ஒட்டித் தந்தார். ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை.

"கொண்டுபோய்க் குடு, பிள்ளை" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

போன மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அம்மா முன்னைப்போல இல்லை. அண்ணனின் பெயரை எழுதிவிட்டாரோ? அம்மா எழுதினால் அண்ணன் செத்துவிடுவார். விசர் நினைப்புத்தான், ஆனால் பயத்தோடு நியாயம் பேச முடியுமா? நாங்கள் வந்து குடியேறிய இந்த இல்-பிசார் தீவில் பஸ் வருவதே அபூர்வம். தரிப்பிடத்தில் நின்ற அரை மணித்தியாலமும் அந்த உறையை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பிடித்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

கோவிலில் உறைகளை வாங்குபவர் ஐரிஷ் வழிவந்த ஒரு கிழவர். உறையைக் கொடுக்காமல் நான் வைத்துக்கொண்டு நிற்பதைக் கண்டு, பக்கத்திலிருந்த மர வாங்கில் இருக்கச் சொன்னார். விஷயத்தைச் சொன்னேன். அவர் தன் வீட்டுக் கதையைச் சொன்னார். பஞ்சத்துக்குத் தப்பிக் கப்பலேறி வந்த அவருடைய முன்னோர், இங்கே காய்ச்சல்காரரை அடைத்துவைத்த ஆற்றங்கரைக் கொட்டில்களில் செத்துப்போனார்கள். மிஞ்சியவர்கள் ஓர் அக்காவும் தம்பியும். அக்காவை ஒரு குடும்பம் கொண்டுபோனது, தம்பியை வேறொரு குடும்பம். அக்காவின் வழியில் வந்தவர் இவர். தம்பி என்ன ஆனான் என்று யாருக்கும் தெரியாது. அதனால் இறந்தவர்களோடு அவன் பெயரை இன்றுவரை ஒருவரும் எழுதவில்லை.

"இருந்தால் நூற்றெண்பது வயதாவது இருக்கும்" என்று சிரித்தார். "ஆனால் முதலில் எழுதுகிற ஆள் நானாக இருக்கமாட்டேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் முன்னாலேயே உறையைக் கிழித்தேன். அண்ணனின் பெயர் இல்லை. வாங்கிலேயே இருந்து அழுது தீர்த்தேன்.

வீட்டுக்குள் கால் வைக்கவும் அம்மா கேட்டார்: "திறந்து பாத்தனி, என்ன?"

"ஓம் அம்மா."

"எனக்குத் தெரியும். உனக்கும் பயம் இருக்கோ எண்டு பாக்கத்தான் ஒட்டினனான்." என் கையைப் பிடித்தார். "வாற வருஷம் நீதான் எழுதவேணும். என்ர பேரை எழுது. அவன்ர பேரை எழுதிப்போடாதை."

ஓம் என்றேன். பக்கத்து அறையில் என் மகள் தொலைபேசியில் யாருடனோ பிரெஞ்சில் கதைத்துக்கொண்டிருந்தாள். மாமாவை அவள் கண்டதே இல்லை. எனக்குப் பிறகு அந்த உறை அவள் கைக்குத்தான் போகும். இதை அவளிடம் எப்படிச் சொல்வேன் என்று நினைத்தேன்.