கடைசி சீட்டில் ஏறியவர்

அந்தச் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு எங்கள் பஸ் ஸ்டாப்பில் நின்றவர்களைச் சொல்கிறேன். நான். என் வீட்டுக்காரர் அருளப்பன். மார்க்கெட்டில் மீன் விற்கும் பிலோமினா சேச்சி. கல்யாண மண்டபத்தில் பாத்திரம் தேய்க்கும் ஸ்டெல்லா, அவள் தங்கை ரீத்தா. தேவராவில் வாட்ச்மேனாக இருக்கும் நசீர் இக்கா. ஓட்டல் வேலைக்குப் போகும் முருகன். ஏழு பேர். வேண்டியது எட்டு.

நான் அதிகம் படிக்காதவள். நடந்ததை மட்டும் சபைக்குச் சொல்கிறேன்.

மட்டாஞ்சேரியில் இஞ்சி குடோனுக்குப் பின்னால் காலனியில் இருந்தோம். அதை இடித்துவிட்டு, காயல் ஓரம் புது பிளாட்டில் வீடு தந்தார்கள். நல்ல வீடு. பஸ் கிடையாது. ஸ்டாப் மட்டும் கட்டி வைத்திருந்தார்கள். போட் ஜெட்டியும் ரொம்ப தூரம். திரும்பிப் போக சவாரி கிடைக்காது என்று ஆட்டோக்காரர்கள் உள்ளே வர மாட்டார்கள். பாதி வீட்டுக்கு இன்னும் ஆள் வரவில்லை. விடியற்காலையில் காற்று அடித்தால் அந்த வீட்டுப் பூட்டுகள் கதவில் தட்டும். உள்ளே இருந்து யாரோ தட்டுகிற மாதிரி இருக்கும்.

என் வீட்டுக்காரருக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. செவ்வாய், வியாழன், சனி எர்ணாகுளத்தில் டயாலிசிஸ். மெயின் ரோடு வரை நடந்துதான் போக வேண்டும். ஒரு வியாழக்கிழமை திரும்பி வரும்போது வழியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இனி என்னைக் கூட்டிட்டுப் போகாத. விட்டுடு" என்றார்.

அன்று வீட்டுக்கு வந்து முழங்கால் போட்டேன். "கர்த்தாவே, ஒரு வண்டி" என்றேன். வேறு வார்த்தை வரவில்லை.

அடுத்த வாரம் ஒரு பஸ் முதலாளி சம்மதித்தார். திங்கள் முதல் சனி வரை ஓட்டிப் பார்ப்பேன், காலை முதல் நடையில் தினமும் எட்டுப் பேராவது ஏற வேண்டும், ஒரு நாள் குறைந்தாலும் வண்டி வராது என்றார்.

காலனியில் குழாயடியில் குடத்தை வைத்து இடம் பிடித்தவர்கள் நாங்கள். அதே பழக்கத்தில் ஸ்டாப்பிலும் பையையும் குடையையும் வைத்துவிட்டு மேலே போய்விட்டோம். முதல் நாள் கண்டக்டர் சிரித்தார்.

"குடைக்கு டிக்கெட் இல்லா சேச்சி. தலை எண்ணித்தான் டிக்கெட்."

ஐந்து நாள் எட்டுப் பேர் சரியாக ஏறினோம். எட்டாவது ஆள் சுமை தூக்கும் அந்தோணி சேட்டன். வெள்ளிக்கிழமை சாயங்காலமே தன் கறுப்புக் குடையை ஸ்டாப் கம்பியில் மாட்டிவிட்டுப் போனார். சனிக்கிழமை அவருக்குக் கடும் காய்ச்சல். எழுந்து நிற்க முடியவில்லை என்று அவர் மனைவி மாடியிலிருந்து கத்திச் சொன்னாள்.

"அக்கா, ஒரு டிக்கெட் கூடுதலா எடுத்துடலாம். யாருக்குத் தெரியும்?" என்றாள் ஸ்டெல்லா.

"வேண்டாம்டி."

"ஓ, பெரிய புண்ணியவதி! நாளைக்கு அருளப்பனைத் தோள்ல தூக்கிட்டுப் போ" என்றார் பிலோமினா சேச்சி.

ஜெபத்தில் கேட்ட வண்டியைப் பொய் சொல்லித் தக்கவைத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன்.

பஸ் வந்தது. பெண்கள் நாங்களும் என் வீட்டுக்காரரும் முன்வாசலில் ஏறினோம். நசீர் இக்காவும் முருகனும் பின்வாசலில். மணி அடித்தது. கொஞ்சம் நகர்ந்த வண்டி நின்றது. பின்கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. என் பிடரியில் குளிர் ஏறியது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

எர்ணாகுளத்தில் இறங்கியதும் நானே கண்டக்டரிடம் போய்ச் சொன்னேன். "இன்னைக்கு ஏழு பேர்தான் தம்பி."

அவர் டிக்கெட் கணக்கைப் பார்த்தார். "எட்டு, சேச்சி. கறுப்புக் குடையோட ஒரு ஆள் கடைசியா ஓடி வந்து ஏறினாரே. பின்னால கடைசி சீட்டில் உட்கார்ந்தாரே."

"படைச்சவனே! பின்னால நாங்க ரெண்டு பேர்தானே இருந்தோம்" என்றார் நசீர் இக்கா.

கண்டக்டர் முகம் வெளுத்தது. வண்டி வழியில் எங்கேயும் நிற்கவில்லை. எல்லோரும் மறுபடி ஏறிப் பார்த்தோம். கடைசி சீட்டில் ஆள் இல்லை. அன்று மழையும் இல்லை. சீட்டுக்குக் கீழே தண்ணீர் சொட்டித் தேங்கியிருந்தது.

மதியம் திரும்பி வந்தோம். குடை அதே கம்பியில் மாட்டியிருந்தது. தொட்டேன். ஈரம். அந்தோணி சேட்டன் கட்டிலை விட்டு இறங்கவே இல்லை என்றாள் அவர் மனைவி.

வண்டி நின்றுபோகவில்லை. இன்றும் வருகிறது. என் வீட்டுக்காரர் இப்போது "விட்டுடு" என்று சொல்வதில்லை. நான் கிளம்பும் முன்னாலேயே சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறார். கஷ்டம் வந்தால் மட்டும் ஜெபித்த நான் தினமும் ஸ்டாப்பில் நின்று ஜெபிக்கிறேன். பிலோமினா சேச்சியும் தலையில் முக்காடு போட்டுக்கொள்கிறார். அந்தக் கம்பியில் யாரும் எதையும் மாட்டுவதில்லை.

வந்தது யார் என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயம். ஆனால் யார் அனுப்பினார் என்று தெரியும். வண்டி வராத இடத்தில் நிற்கிறவர்களே, பொய் சொல்லாமல் நில்லுங்கள். அவருக்கு வழி தெரியும்.

அன்றைக்கு எத்தனை பேர் ஏறினார்கள் என்று எழுதின டிரிப் தாளைக் கண்டக்டர் எனக்குத் தந்தார். ஜெபப் புத்தகத்தில் வைத்திருக்கிறேன். சந்தேகம் உள்ளவர்கள் பார்க்கலாம். முன்னால் ஐந்து. பின்னால் மூன்று.

எட்டு.